உங்கள் எம்.பி.யின் தேர்தல் கணக்கும் அவை வாக்கும்: தேடி எடுத்துச் சரியாக எழுதும் வழி

இந்தியாவில் ஒரு எம்.பி.யைப் பற்றியோ எம்.எல்.ஏ.வைப் பற்றியோ எழுத உட்காருகிறவருக்கு இரண்டு விதமான பதிவுகள் தேவைப்படும். ஒன்று, அவர் நின்ற தேர்தல்களின் கணக்கு. மற்றொன்று, அவைக்குள் போன பிறகு எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது. முதலாவது தாராளமாகக் கிடைக்கும், வாக்குச்சாவடி வரைக்கும் இறங்கிப் பார்க்கலாம். இரண்டாவது மிகவும் மெலிந்த பதிவு. பெரும்பாலான மசோதாக்களுக்கு யார் எப்படி வாக்களித்தார் என்ற ஏடே கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல், கட்சி எடுத்த நிலைப்பாட்டை உறுப்பினரின் வாக்காக எழுதிவிடுகிறார்கள். அந்தத் தவறு நேராமல் இரண்டையும் தேடுவதற்கான முறை இது.

முதலில் ஒரு தாளை எடுத்து ஆறு கட்டம் போடுங்கள்: ஆண்டு, அவை, தொகுதி, போட்டியிட்ட சின்னம், வாக்கும் வித்தியாசமும், ஆவணம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் எந்த வரியும் கட்டுரைக்குள் போகக் கூடாது.

தேர்தல் வரிசையை அமைப்பது

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் 1951–52 முதல் தேர்தலிலிருந்து ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் தனித்தனி அறிக்கைகள். அதில் தொகுதிவாரியாக வேட்பாளர், கட்சி, பெற்ற வாக்கு எல்லாம் இருக்கும். இதிலிருந்து தொடங்குவது சரிதான், இதோடு முடித்துவிடுவதுதான் தவறு.

ஏன் என்று காமராஜரை வைத்துப் பார்க்கலாம். பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் புரட்டினால் அவர் ஐந்து இடங்களில் வருவார்: 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி, 1957, 1962 இரண்டிலும் சாத்தூர் சட்டமன்றத் தொகுதி, 1967இல் விருதுநகரில் 1,285 வாக்கில் தோல்வி, 1971இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி. இதைப் பார்த்து எழுதினால், 1954இல் முதலமைச்சரானவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்ற கேள்விக்கு விடை இருக்காது. அவர் அந்த ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்கு வந்தார். விருதுநகரில் தோற்றபின் மீண்டும் டெல்லிக்குப் போனது 1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தல் வழியாக. அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த நேசமணி 1968இல் காலமானதால் வந்த இடைத்தேர்தல் அது. இவை இரண்டும் பொதுத்தேர்தல் அறிக்கையில் இல்லை. இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியாகத் தேட வேண்டும். 1937, 1946 தேர்தல்களும் அங்கே கிடைக்காது. தேர்தல் ஆணையமே 1950 ஜனவரி 25இல்தான் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தையவற்றுக்கு மாகாண அரசின் பழைய வெளியீடுகள், அன்றைய நாளிதழ்கள், சட்டமன்ற நூலகம் ஆகியவையே துணை. பெயரிலும் கவனம் தேவை. அக்காலப் பதிவுகளில் காமராஜ் நாடார் என்ற பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

அண்ணாதுரையின் வரிசை இன்னொரு ஓட்டையைக் காட்டும். 1957இல் காஞ்சிபுரத்தில் வென்றார், 1962இல் அதே தொகுதியில் தோற்றார். அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார். 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றார். முதலமைச்சரான பிறகு சட்ட மேலவை உறுப்பினராகி, மக்களவை இடத்தை விட்டுவிட்டார். அவர் விட்ட தென்சென்னை இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். சட்டப்பேரவை அறிக்கைகளை மட்டும் பார்ப்பவருக்கு அண்ணா 1962இல் தோற்றுக் காணாமல் போனவராகத் தெரிவார். மாநிலங்களவைக்கு அந்த அவையின் உறுப்பினர் பட்டியலையும், மேலவைக்குச் சட்டமன்ற ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. அதற்கு முன் அரசியலில் இருந்த எவரைப் பற்றி எழுதினாலும் மேலவையையும் தேடிவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

தொகுதியின் பெயரும் எல்லையும் மாறும். 2008 மறுவரையறை ஆணை 2009 மக்களவைத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது சிவகாசி, பழனி, பெரியகுளம், ராசிபுரம், புதுக்கோட்டை, நாகர்கோவில் போன்ற மக்களவைத் தொகுதிகள் பட்டியலிலிருந்து மறைந்தன. விருதுநகர், தேனி, கன்னியாகுமரி முதலியவை வந்தன. பெயர் மாறாத தொகுதிகளிலும் உள்ளே இருக்கும் சட்டமன்றப் பகுதிகள் மாறியிருக்கின்றன. ஆகவே 2004இல் வாங்கிய வாக்கையும் 2009இல் வாங்கியதையும் பக்கத்தில் வைத்து “செல்வாக்கு சரிந்தது” என்று எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. அதே போல, 1967 வரையிலான அறிக்கைகளில் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். கன்னியாகுமரிப் பகுதியின் 1951–52 கணக்கு திருவாங்கூர்-கொச்சி என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. அங்கே பதிவான வாக்கு வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டி நிற்கும். அது அச்சுப்பிழை இல்லை. அந்தத் தொகுதிகளுக்கு வாக்குச் சதவீதம் போடாமல் வாக்கை மட்டும் கொடுங்கள்.

சின்னம் ஒன்று, கட்சி ஒன்று

தமிழ்நாட்டு அரசியலில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 2019 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் இருவர் போட்டியிட்டார்கள். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கில் வென்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று வென்றார். ஆகவே ஆணையத்தின் ஏட்டில் ரவிக்குமார் தி.மு.க. அதே தேர்தலில் ஈரோடு (ம.தி.மு.க.), நாமக்கல் (கொ.ம.தே.க.), பெரம்பலூர் (ஐ.ஜே.கே.) வெற்றியாளர்களும் உதயசூரியனில் நின்றவர்களே. 2001இல் கடலூர் மாவட்டத்தின் மங்களூர் சட்டமன்றத் தொகுதியில் திருமாவளவன் வென்றதும் தி.மு.க. கணக்கில்தான் ஏறியது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, எந்தக் கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே அவர் அவையில் கருதப்படுவார். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும் கொறடா உத்தரவும் அந்தக் கட்சியிடமிருந்தே வரும். அவருடைய வாக்குப் பதிவைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். அட்டவணையில் “சின்னம்” என்று ஒரு கட்டமும் “சார்ந்த கட்சி” என்று இன்னொரு கட்டமும் வைத்துவிட்டால் குழப்பம் தீரும்.

ஒரே பெயரில் பலர் நிற்பதும் இங்கே வழக்கம். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் தேர்தலுக்குத் தேர்தல் வேறாகும். பெயரை மட்டும் நம்பாமல் வயது, சின்னம், பிரமாணப் பத்திரத்தில் உள்ள தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டே ஒருவரை இன்னொரு ஆண்டின் வேட்பாளரோடு இணைக்க வேண்டும். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் தாபா தரவுத்தளம் வேட்பாளர்களை ஆண்டுகளுக்கிடையே இணைத்துக் கொடுக்கிறது. நேரம் மிச்சமாகும். ஆனாலும் கடைசிச் சரிபார்ப்பு ஆணையத்தின் தாளோடுதான்.

வாக்குக் கணக்கைப் போடுவது

ஆணையத்தின் அறிக்கையில் ஒரு வேட்பாளருக்கு இரண்டு சதவீதம் இருக்கலாம். மொத்த வாக்காளரில் எத்தனை சதவீதம் என்பது ஒன்று, பதிவான வாக்கில் எத்தனை என்பது மற்றொன்று. நாம் வழக்கமாக வாக்குச் சதவீதம் என்று சொல்வது இரண்டாவது. 2013இல் நோட்டா வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: வகுக்கும் எண்ணில் நோட்டா சேர்ந்திருக்கிறதா? எந்த முறையைக் கைக்கொண்டாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே கைக்கொள்ளுங்கள்.

டெபாசிட் கணக்கில் உங்களுக்குத் தேர்வு இல்லை, சட்டம் சொல்வதே கணக்கு. செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் டெபாசிட்டை இழப்பார். நோட்டா இதில் சேராது. உதாரணத்துக்கு, நோட்டா நீங்கலாகச் செல்லத்தக்க வாக்கு 1,80,000 என்றால் ஆறில் ஒன்று 30,000. சரியாக 30,000 வாங்கியவருக்கு டெபாசிட் போய்விட்டது. 30,001 வாங்கியவருக்குத் திரும்பக் கிடைக்கும். தொகை மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டப்பேரவைக்கு 10,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

வாக்குச்சாவடி அளவுக்கு இறங்க வேண்டுமானால் படிவம் 20 தேவை. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு, நோட்டா எல்லாம் வரிசையாக இருக்கும். இதில் அடிக்கடி நேரும் மூன்று பிழைகள்:

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றப் பகுதிகள். ஆறு பகுதிகளின் படிவங்களையும் கூட்டினால் கிடைப்பது இயந்திர வாக்கு. தபால் வாக்கு மக்களவைத் தொகுதி அளவில் தனியாக எண்ணப்படுகிறது. அதைச் சேர்க்காமல் “ஆணையத்தின் எண்ணிக்கையில் பிழை” என்று அறிவித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சாவடி எண்கள் நிலையானவை அல்ல. 2021 தேர்தலில் தொற்றுக் காலம் என்பதால் சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்துத் துணைச் சாவடிகளைத் திறந்தார்கள். 2016இல் 45ஆம் எண் சாவடி 2021இல் வேறு எண்ணில் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலில் பள்ளியின் பெயரையும் தெருக்களையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, இந்தத் தாள்கள் பல வெறும் படங்களாக வருடப்பட்டவை. எழுத்தறியும் மென்பொருள் 3ஐ 8 ஆக்கும். ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டி, ஒவ்வொரு பத்தியையும் கீழே கூட்டி, தாளில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் மட்டுமே நம்பலாம்.

வித்தியாசம் மிகக் குறைவான இடங்களில் வழக்கு உண்டா என்றும் பாருங்கள். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்கு. தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதே 2016இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். இத்தகைய வரிகளுக்கு எதிரே “வழக்கு” என்று ஒரு குறிப்புப் போட்டு, தீர்ப்பைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒத்திவைத்த தேர்தல்களும் உண்டு. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5இல் நடந்தது. மே மாத முடிவுப் பட்டியலில் வேலூர் இராது. ஜெயலலிதாவின் கடைசி ஆண்டுகளும் அப்படியே. 2011இல் ஸ்ரீரங்கம், 2014 செப்டம்பர் தீர்ப்பால் பதவி இழப்பு, 2015 ஜூனில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2016இல் மறுபடி ஆர்.கே.நகர். இடைத்தேர்தலை விட்டுவிட்டால் இந்தக் கதை நடுவில் அறுந்து நிற்கும்.

பிரமாணப் பத்திரம்

வேட்பாளர் தன் வழக்குகளையும் சொத்தையும் தெரிவிக்கும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் 2003க்குப் பிந்தைய தேர்தல்களுக்கே கிடைக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளின் விளைவு அது. ஆணையத்தின் தளத்தில் மூலப் பிரதியும், மைநேதா தளத்தில் சுருக்கமும் இருக்கும். சுருக்கத்தை வைத்துத் தேடுங்கள், மூலத்தைப் பார்த்து எழுதுங்கள்.

ஒருவர் ஒரே தொகுதிக்கு நான்கு வேட்புமனு வரை போடலாம், திருத்திய பத்திரமும் தரலாம். தேதியைப் பார்த்துக் கடைசியானதை எடுங்கள். நிலுவையில் உள்ள வழக்கும் தண்டனை பெற்ற வழக்கும் வேறு வேறு பத்தியில் இருக்கும். போராட்டத்தில் கைதான வழக்கையும் ஊழல் வழக்கையும் ஒரே எண்ணாகக் கூட்டி “இத்தனை வழக்கு உள்ளவர்” என்று எழுதுவது அநியாயம். பிரிவுகளைப் படித்துச் சொல்லுங்கள். சொத்து ஏறியது என்று எழுதுமுன் வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் என்ற பத்திகளை ஆண்டுக்கு ஆண்டு அதே பத்தியோடு ஒப்பிடுங்கள். நிலத்தின் சந்தை மதிப்பு கூடினாலே தொகை கூடும், புதிதாக எதுவும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. பத்திரத்தில் வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் இருக்கும். அவை வாசகருக்குத் தேவையில்லை, எடுத்துப் போடாதீர்கள்.

அவை வாக்கு: என்ன பதிவாகிறது, என்ன பதிவாகாது

மசோதாவை அவைத்தலைவர் வாக்குக்கு விடும்போது உறுப்பினர்கள் “ஆம்” என்றும் “இல்லை” என்றும் குரல் கொடுக்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கியதோ அதன்படி அறிவிப்பு. இதுதான் குரல் வாக்கெடுப்பு. இதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. யாராவது அறிவிப்பை மறுத்து டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டு, அது நடந்தால் மட்டுமே பெயர்ப் பட்டியல் பிறக்கும்.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டுக் குரலெழுப்பிய அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறின. 2021 நவம்பர் 29இல் அவற்றைத் திரும்பப் பெறும் மசோதாவும் விவாதமின்றிக் குரல் வாக்கில் நிறைவேறியது. நாட்டையே உலுக்கிய ஒரு சட்டத்துக்கு மாநிலங்களவையின் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை. எங்கள் பார்வையில் இது நம் நாடாளுமன்ற நடைமுறையின் பெரிய குறை. வாக்களித்து அனுப்பியவருக்கு அந்தத் தாளைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இல்லாத பதிவை நாம் ஊகித்து நிரப்பக் கூடாது.

உறுதியாகப் பட்டியல் கிடைப்பது அரசமைப்புத் திருத்த மசோதாக்களுக்கு. 368ஆவது உறுப்பின்படி அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும். தேடலை இங்கே தொடங்கினால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 20இல் மக்களவையில் 454–2. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 2019 ஜனவரி 8இல் மக்களவையில் 323–3, மறுநாள் மாநிலங்களவையில் 165–7. நம்பிக்கை வாக்கெடுப்புகளும் பெரும்பாலும் எண்ணப்படும். 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு 269–270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2008 ஜூலை 22இல் மன்மோகன் சிங் அரசு 275–256 என்று தப்பியது.

தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. அந்தத் தேதியில் உங்கள் உறுப்பினர் எந்த அவையில் இருந்தார் என்று உங்கள் அட்டவணையில் பாருங்கள். 2014 முதல் 2019 வரை மக்களவையில் தி.மு.க.வுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. அந்தக் காலத்து மக்களவைப் பட்டியலில் அக்கட்சியைத் தேடிப் பயனில்லை, மாநிலங்களவைக்குப் போக வேண்டும்.

2. நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்திலோ நாடாளுமன்ற மின்னூலகத்திலோ அந்த நாளின் விவாதத் தொகுப்பை இறக்குங்கள். செய்தியில் வந்த தேதியை நம்பாதீர்கள், அமர்வின் தேதி வேண்டும். குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் 2019 டிசம்பர் 9 அமர்வில் நள்ளிரவு தாண்டி 311–80 என்று நிறைவேறியது. வக்ஃப் திருத்த மசோதாவும் 2025 ஏப்ரல் 2 அமர்வில், 3ஆம் தேதி பிறந்த பிறகு 288–232 என்று நிறைவேறியது. இரண்டையும் முந்தைய நாளின் தொகுப்பில் தேட வேண்டும்.

3. எந்தத் தீர்மானத்தின் மீதான வாக்கு என்று படியுங்கள். மசோதாவை அறிமுகப்படுத்த, விவாதத்துக்கு எடுக்க, ஒரு திருத்தத்தின் மீது, ஒரு பிரிவின் மீது, நிறைவேற்ற என்று ஒரே மசோதாவில் பல டிவிஷன்கள் வரும். எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு “இல்லை” போட்டவரை மசோதாவையே எதிர்த்தவராக எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை.

4. பெயர்ப் பட்டியலையும் அதன் அடிக்குறிப்பையும் சேர்த்தே படியுங்கள்.

நான்காவது படியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டிவிஷன் மணி மூன்றரை நிமிடம் ஒலித்த பிறகு உறுப்பினர்கள் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்துகிறார்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் வாக்களிக்காமல் ஒதுங்குதல். பொத்தான் வேலை செய்யாதவரும், தவறாக அழுத்தியவரும் தாள் சீட்டில் வாக்கைத் தருவார்கள். அதனால்தான் “திருத்தத்துக்கு உட்பட்டது” என்று சொல்லியே முடிவு அறிவிக்கப்படுகிறது. ஒரே நேரத் தேர்தலுக்கான அரசமைப்புத் திருத்த மசோதாவை 2024 டிசம்பர் 17இல் மக்களவையில் அறிமுகப்படுத்தியபோது இயந்திரத்தின் முதல் எண்ணிக்கை 220–149. சீட்டுகளைச் சேர்த்த பிறகு 269–198. முதல் எண்ணை எடுத்தவர் 98 உறுப்பினரின் வாக்கைத் தவறவிட்டார். அறிமுகக் கட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு இல்லாததைத் தோல்வி என்று எழுதுவதும் சரியாகாது.

திருத்தப்படாத பதிப்பு, இறுதிப் பதிப்பு என்று விவாதத் தொகுப்பு இரண்டு நிலையில் வரும். இறுதிப் பதிப்பு வந்தபின் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்

பெயர் இல்லாமைக்குப் பல காரணம் இருக்கலாம். வராமல் இருந்திருக்கலாம், வெளிநடப்புச் செய்திருக்கலாம், இடைநீக்கத்தில் இருந்திருக்கலாம், அவையை நடத்தும் இருக்கையில் இருந்திருக்கலாம். அவைத்தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை, சமநிலை வந்தால் மட்டுமே வாக்களிப்பார். ஒதுங்கினார் என்று எழுத வேண்டுமானால் ஒதுங்கியோர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 10 சதவீத ஒதுக்கீட்டு மசோதாவை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க., வாக்கெடுப்புக்கு முன் வெளிநடப்புச் செய்தது. எதிர்த்தவர் மூவர் என்று காட்டும் அந்தப் பட்டியலில் அந்த எதிர்ப்பின் சுவடே இல்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறியது அந்த நாள்களில்தான்.

ஒரே கட்சி இரு அவையிலும் ஒரே மாதிரி நடக்கும் என்றும் எண்ணாதீர்கள். முத்தலாக் மசோதாவை 2019 ஜூலையில் மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். சில நாளில் மாநிலங்களவையில் அதே கட்சி வெளிநடப்புச் செய்ய, மசோதா 99–84 என்று நிறைவேறியது.

கொறடாவின் நிழல்

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும் ஒதுங்கினாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆகவே பட்டியலில் உள்ள வாக்கு பெரும்பாலும் கட்சியின் முடிவு. “அவர் ஆதரித்தார்” என்பதைவிட “கட்சியின் முடிவுப்படி ஆதரித்து வாக்களித்தார்” என்பது உண்மைக்கு நெருக்கம். கொறடா உத்தரவு இருந்ததா என்று அன்றைய செய்திகளில் பாருங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் ரகசிய வாக்கு, அதில் தனி உறுப்பினரின் வாக்கு யாருக்கும் தெரியாது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டிவிட்டு வாக்களிக்கிறார்கள், ஆனால் கட்சியை மீறினாலும் அதற்காகத் தகுதிநீக்கம் இல்லை.

உறுப்பினரின் சொந்த மனம் தெரிவது வேறு இடங்களில். அவர் கொண்டுவந்த திருத்தங்கள், கூட்டுக்குழு அறிக்கையில் பின்னிணைப்பாக வரும் மறுப்புக் குறிப்பு, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா. திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது 45 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அதுவும் குரல் வாக்கில்தான். வாக்குப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அவருடைய பணியில் முக்கியமான இந்த நாளைத் தாண்டிப் போய்விடுவார்.

வருகை, கேள்வி, விவாதம் ஆகிய மூன்றுக்கும், நாடாளுமன்றப் பணிகளைத் தொகுத்துத் தரும் பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் தளம் எளிது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவரும் கையெழுத்திடுவதில்லை. அங்கே காலியாக இருப்பதைப் பூச்சியம் என்று படிக்காதீர்கள். மக்களவையில் நாளொன்றுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்தில் பதில் பெறும் நட்சத்திரமற்றவை 230, அதுவும் குலுக்கலில் தேர்வாகின்றன. எண்ணிக்கையை வைத்து உழைப்பை அளக்காமல், கேள்விகளைப் படித்துப் பாருங்கள். தொகுதியின் ரயில் பாதையைத் தொடர்ந்து கேட்டவரும், எழுதிக் கொடுத்ததை அனுப்பியவரும் எண்ணில் ஒன்றாகத் தெரிவார்கள்.

எம்.எல்.ஏ. என்றால்

சட்டப்பேரவையில் பதிவு இன்னும் மெலிது. ஏறக்குறைய எல்லா மசோதாவும் குரல் வாக்கில் போகும். எண்ணினாலும் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவதே முறை. 2017 பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு 122–11 என்று முடிந்தது. தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள், காங்கிரஸ் வெளிநடப்புச் செய்திருந்தது. எதிர்த்த 11 பேரும் பன்னீர்செல்வம் அணியினர். இதையெல்லாம் சொல்லாமல் 122–11 என்று மட்டும் எழுதினால் எதிர்க்கட்சியே இல்லாத அவைபோலத் தோன்றும். அதே ஆண்டு செப்டம்பர் 18இல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கமானது ஆளுநரிடம் கொடுத்த மனுவுக்காக. அவைக்குள் மாற்றி வாக்களித்ததற்காக என்று எழுதுவது பிழை.

“ஒருமனதாக நிறைவேறியது” என்ற சொல்லையும் விசாரியுங்கள். 2022 பிப்ரவரி 8இல் நீட் விலக்கு மசோதா மறுபடி ஒருமனதாக நிறைவேறியபோது பா.ஜ.க. வெளிநடப்புச் செய்திருந்தது. ஒருமனது என்பது அவையில் அப்போது இருந்தவர்களின் மனது. பேரவை நடவடிக்கைத் தொகுப்புகள் சட்டமன்றத்தின் மின்னூலகத்தில் தமிழிலேயே இருக்கின்றன. வெளிநடப்பு, வெளியேற்றம், யார் எப்போது பேசினார் எல்லாம் அதில் வரும்.

எழுதும்போது வாக்கியத்தை இந்த அளவில் நிறுத்துங்கள்: “இன்ன நாள் அமர்வில், இன்ன மசோதாவை நிறைவேற்றும் தீர்மானத்துக்கு நடந்த டிவிஷனில், ஆதரவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.” பட்டியல் இல்லையென்றால் “குரல் வாக்கெடுப்பு, தனி வாக்கு பதிவாகவில்லை, விவாதத்தில் அவர் எதிர்த்துப் பேசினார்” என்று எழுதுங்கள். பேசவும் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த மசோதாவுக்குப் போங்கள்.